அரைச் சம்பளத்தின் வரலாறு: பிரெஞ்சிந்திய ஆலைகள், 1936–2020

காரைக்கால் கருக்களாச்சேரியில் ஆலைச் சங்கு ஊதியதில்லை. பிரெஞ்சிந்தியாவின் பெரிய துணியாலைகள் மூன்றும் புதுச்சேரியில்தான் இருந்தன. ஆனால் அந்த ஆலைவாசலில் பிறந்த தொழிலாளர் சட்டம் காரைக்காலுக்கும் சேர்த்தே வந்தது.

செனகலுக்குப் போன நீலத்துணி வணிகத்தை நம்பி 1828இல் சவானா ஆலை எழுந்தது. பின்னர் கெப்ளே ஆலையும், மக்கள் ரோடியர் மில் என்றழைத்த ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையும் (ஏ.எஃப்.டி.) வந்தன. 1930களில் தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா தொழிலாளரைத் திரட்டினார். எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் முதன்மைக் கோரிக்கைகள். 1936 ஜூலை 30 அன்று சவானாவில் வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் இறந்தனர். பாரிசில் அப்போது லியோன் புளூமின் இடதுசாரி மக்கள் முன்னணி அரசு இருந்தது தொழிலாளருக்கு வாய்ப்பாயிற்று. 1937 ஏப்ரலில் ஆணை வந்தது. எட்டு மணி நேரம் சட்டமாயிற்று. ஆசியாவிலேயே முதன்முதல் என்று பெருமையாகச் சொல்வார்கள் சங்கத்தார். ஆனால் அந்த ஆணை வேலை நேரத்துக்குத்தான் வரம்பு கட்டியது. வேலை நிலைக்குமா என்பதற்கு அதில் உறுதி இல்லை.

அந்தக் குறை அரை நூற்றாண்டு கழித்துப் பெரிதாகத் தெரிந்தது. 1983இல் நின்ற ஏ.எஃப்.டி. ஆலையை 1986இல் புதுச்சேரி அரசு எடுத்துக்கொண்டது. அரசு வேலை என்ற நிம்மதி சில காலம் இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஆலையைச் சிதைத்தது. நட்டமோ அதற்கு முன்பே ஏறியிருந்தது. 2013 இறுதியில் லே-ஆஃப் (வேலை தராமல் தற்காலிகமாக நிறுத்திவைத்தல்) வந்தது.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அப்போதிருந்த தொழில் தகராறுச் சட்டத்தின் 25-சி பிரிவு, லே-ஆஃப் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதியைத் தரச் சொன்னது. மிகைநேரக் கூலி, ஊக்கத்தொகை எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை. ஆகவே காகிதத்தில் பாதி என்றிருந்தது வீட்டுக்கு வரும்போது பாதிக்கும் குறைவாயிற்று. கருக்களாச்சேரி விசைப்படகுத் தொழிலாளிக்கும் வேலையற்ற நாட்கள் உண்டு: ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 முடிந்தால் கடலுக்குப் போகலாம் என்று தெரிந்தே கடன் வாங்குவார். லே-ஆஃபுக்கு அப்படி முடிவு தேதி கிடையாது.

1936இல் தறியை நிறுத்தியது தொழிலாளி, நட்டப்பட்டது முதலாளி. 2013இல் நிறுத்தியது நிர்வாகம். வேலைநிறுத்தம் என்ற ஆயுதத்துக்கு அதன்பின் வேலையே இல்லாமல் போயிற்று. போராட்டம் ஆலைவாசலை விட்டு மனுவுக்கும் நீதிமன்றத்துக்கும் மாறியது. 2020 ஏப்ரல் 30 அன்று, ஊரடங்கு நடுவே, ஏ.எஃப்.டி. மூடப்பட்டது.

இதை ஒரு பழைய ஆலையின் கதையாக ஒதுக்கிவிடலாகாது. லே-ஆஃபுக்கும் மூடலுக்கும் அரசின் முன்அனுமதி தேவை என்ற விதி முன்பு 100 பேர் வேலைசெய்யும் ஆலைக்கே பொருந்தியது. 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அதை 300 ஆக்கியது. ஆயத்த ஆடைத் தொழிலில் பல தையல் கூடங்கள் அந்த எண்ணிக்கையை எட்டுவதே இல்லை. 50 பேருக்குக் குறைந்த கூடமானால் லே-ஆஃபில் அரைச் சம்பளம் கேட்கவும் சட்டத்தில் இடமில்லை. ஆர்டர் வராத வாரம் மேற்பார்வையாளர் "திங்கள்கிழமை வர வேண்டாம்" என்றால் கதை முடிந்தது.