காளிகாட்டில் கேட்ட நன்றி

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவ இல்லங்களில் பிடியரிசி என்னும் வழக்கம் ஒன்று உண்டு. உலையில் இடுவதற்கென அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து, இல்லத்தரசி தனிக் கலயத்தில் இடுவாள். கலயம் நிறைந்ததும் அது ஆலயக் காணிக்கையாகும். உண்ணுமுன் சொல்லும் ஸ்தோத்திரம் வாயினால் செலுத்தும் நன்றி. அந்த ஒரு பிடி அரிசி கையினால் செலுத்தும் நன்றி. இவ்விரண்டும் கூடும்போதே இறைவனுக்குச் செலுத்தும் நன்றி நிறைவு பெறுகிறது. பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் குடியேறிய நாம், இந்நெறி ஒரு முழு வாழ்வாகவே மலர்ந்த வரலாற்றைக் கொல்கத்தா மாநகரில் காண்கிறோம். தமிழர் பலர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட்டுப் பகுதியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், காளிகாட்டில், அவ்வரலாற்றின் சின்னமாக ஓர் இல்லம் நிற்கிறது.

அவ்வில்லத்தை நிறுவிய அன்னை தெரசாவும் நம்மைப் போல் வெளியூரிலிருந்து வந்தவரே. 1910-ஆம் ஆண்டு ஸ்கோப்யே நகரில் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்த அவர், 1929 ஜனவரியில் கொல்கத்தா வந்து சேர்ந்தார், வங்கமொழி கற்றார், எண்டாலியில் லொரேட்டோ கன்னியரின் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிந்தார். 1943-இன் பெரும் பஞ்சமும் 1946 ஆகஸ்டுக் கலவரமும் அந்நகரின் தெருக்களைத் துயர்க்களமாக்கின. கலவர நாட்களில் விடுதி மாணவியருக்கு உணவில்லாமற்போக, அதைத் தேடி அவர் வெளியே வந்தார். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் ரயிலில், ஏழைகளிடையே சென்று வாழ இறைவன் தம்மை அழைப்பதை உணர்ந்தார். 1948 ஆகஸ்டில் மடத்தை விட்டு வெளியேறியவர், நேரே சேரிக்குச் சென்றுவிடவில்லை. முதலில் பாட்னா சென்று, அங்குள்ள திருக்குடும்ப மருத்துவமனையில் நோயாளரைப் பேணும் முறையைப் பயின்றார். அதன் பின்னரே, அவ்வாண்டு டிசம்பரில், மோத்திஜில் சேரியில் குச்சியால் மண்ணில் எழுத்துக்களைக் கீறிச் சிறார்க்குக் கற்பிக்கலானார்.

அவருடைய பழைய மாணவியரே ஒருவர்பின் ஒருவராக வந்து அவருடன் சேர்ந்தனர். 1950 அக்டோபர் 7 அன்று 'மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி' என்னும் அன்பின் பணியாளர் சபை முறையாகத் தோன்றியது. தெருவோரத்தில் கேட்பாரற்று இறக்கும் மனிதர்க்கு ஓர் இடம் வேண்டுமென்று அன்னை கேட்டபோது, காளி கோயிலை அடுத்திருந்த யாத்திரிகர் விடுதியை மாநகராட்சி அளித்தது. 1952 ஆகஸ்டு 22 அன்று அங்கே 'நிர்மல் ஹ்ருதய்' திறக்கப்பட்டது. தொடக்கத்தில் எதிர்ப்பும் எழுந்தது. நடைபெறும் பணியைக் கண்ணாரக் கண்டபின் அது தணிந்தது.

இச்சபையாரின் நாள் விடியுமுன் தொடங்குகிறது. நான்கரை மணிக்குப் பின் எழுந்து, செபித்து, திருப்பலி கண்ட பின்னரே சகோதரிகள் பணிக்குப் புறப்படுகின்றனர். திருப்பலியின் உயிரான நற்கருணைக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் பெயருக்கு 'நன்றி கூறுதல்' என்பதே பொருள். காலையில் பீடத்தின்முன் தொடங்கிய நன்றி, பகலெல்லாம் புண்ணைக் கழுவுவதிலும் கஞ்சி ஊட்டுவதிலும் தொடர்கிறது. அவர்கள் உடுத்தும் நீலக்கரை வெண்சேலையை நெய்பவர் டிட்டாகரில் உள்ள சபையின் இல்லத்துத் தொழுநோயாளர். உதவி பெற்றோரும் இவ்வாறு உதவி செய்வோராகின்றனர்.

1979 டிசம்பரில் நோபல் அமைதிப் பரிசு பெற ஆஸ்லோ சென்ற அன்னை, கூடியிருந்தோரை முதலில் இறைவனுக்கு நன்றி கூறுமாறு அழைத்தார். அவ்வுரையில் காளிகாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் எடுத்துரைத்தார். ஒரு மாலை தெருவிலிருந்து நால்வரைக் கொண்டுவந்தனர். மிகக் கொடிய நிலையிலிருந்த பெண்ணை அன்னை தாமே பேணிப் படுக்கையில் கிடத்தினார். அப்பெண் முகமலர்ந்து, அவர் கையைப் பற்றி, நன்றி என்ற ஒரு சொல்லைக் கூறி உயிர்நீத்தாள். அவளிடத்தில் தாம் இருந்திருந்தால் பசியையும் வலியையுமே சொல்லியிருப்போம் என்று அன்னை எண்ணினார். தாம் அவளுக்குக் கொடுத்ததினும் அவள் தமக்குக் கொடுத்ததே பெரிது என்று உலகறியக் கூறினார். பரிசளிப்பை ஒட்டி நடைபெற இருந்த விருந்தையும் வேண்டாமென்று சொல்லி, அதற்குரிய பொருளை ஏழைகளுக்கு ஆக்கினார்.

இத்தகையவர் உள்ளத்தில் இறையுணர்வு இடையறாது பெருகியிருக்கும் என்றே நாம் எண்ணுவோம். 1997 செப்டம்பர் 5 அன்று அவர் மறைந்து, பத்தாண்டுகளுக்குப் பின் வெளியான அவருடைய கடிதங்களோ வேறு செய்தி சொல்லின. சபை தொடங்கிய காலம் முதலே, செபத்தில் இறைவன் அருகிருப்பதை உணரமுடியாத வறட்சி அவரை வாட்டிற்று. அது ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் நீடித்தது. ஆயினும் ஒருநாளும் செபத்தை அவர் விடவில்லை, தொண்டையும் நிறுத்தவில்லை. உள்ளம் நிறைந்தபோது நன்றி சொல்வது எவர்க்கும் எளிது. வறண்ட உள்ளத்தோடும் எழுந்து சென்று அடுத்தவர் புண்ணைக் கழுவியதே அவர் வாழ்வின் அருமை.

அவர் பணியில் குறை கண்டோரும் உண்டு. 1994-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், காளிகாட்டு இல்லத்தில் வலி தணிக்கும் மருந்தும் முறையான நோயறிதலும் போதவில்லை என்று எழுதினார். அக்கூற்றையும் நாம் தள்ளிவிடலாகாது. அன்பிற்குத் தேர்ச்சியும் துணை வேண்டும்; சேரிக்குள் செல்லுமுன் பாட்னா சென்று பயின்ற தெரசாவின் தொடக்கமே அதற்குச் சான்று.

2016-இல் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தது. அப்பெருநிலை நமக்கு எட்டாததாயினும், பிடியரிசி எட்டாததன்று. வேற்றூருக்கு வந்த நாளில் நமக்கு வழிகாட்டியவரும், மொழி தெரியாது தவித்தபோது பேசித் துணைநின்றவரும், நோயுற்றபோது உடன்வந்தவரும் இருந்தனர் அல்லரோ? அவர்கட்கெல்லாம் கைம்மாறு செய்ய நம்மால் இயலாது. சிலர் இன்று எங்கிருக்கின்றனர் என்பதே நமக்குத் தெரியாது. அக்கடனை இறைவன் பெயரால் அடுத்த வீட்டு முதியவருக்கோ, நேற்று ஊரிலிருந்து வந்திறங்கிய இளைஞனுக்கோ தீர்க்கலாம். நாள்தோறும் நம் நேரத்தில் ஒரு பிடியை அதற்கென எடுத்து வைப்போமாக.