திண்ணை யாருக்கு?

போனைப் பூட்டுவது ஸ்மார்ட்போனோடு வந்த வழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் அந்தக் காலத்துக் கறுப்பு டெலிபோன் இருந்த வீடுகள் சிலவற்றில், டயலின் ஓட்டையில் ஒரு குட்டிப் பூட்டு தொங்கும். டயல் சுற்றாது. வருகிற கால் வரலாம், இங்கிருந்து பேச முடியாது. சாவி வீட்டுப் பெரியவரின் சட்டைப்பையில். பயம் திருடனை நினைத்து அல்ல, டெலிபோன் பில்லை நினைத்து. 'யாருக்குடா போன்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் சாவி வெளியே வராது.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ரிசீவர் உட்காரும் இடத்தில் அமுங்குகிற கொண்டையைத் தட்டியே நம்பர் போடக் கற்றுக்கொண்டார்கள். 4 என்றால் நாலு தட்டு, பூஜ்யத்துக்குப் பத்து. டயல் செய்கிற வேலையும் அதேதான். சுற்றிவிட்ட வட்டம் திரும்பி வரும்போது லைனை அத்தனை முறை துண்டித்துச் சேர்க்கும். தட்டியது விரலா, டயலா என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது!

எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுகள் வந்ததும் பித்தளைப் பூட்டுக்கு ஓய்வு கிடைத்தது. 124 என்று ஆரம்பித்து ரகசிய எண்ணைப் போட்டால் எஸ்.டி.டி. பூட்டிக்கொள்ளும். பூட்டின் வடிவம்தான் மாறியது. அதிகாரம் பில் கட்டுகிறவரிடமே இருந்தது.

1995-ல் செல்போன் வந்தது. சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்று இரண்டு கம்பெனிகள். கைக்காசு போட்டு வாங்கிய போன்தான், ஆனால் திரையில் பளிச்சென்று தெரிந்தது கம்பெனியின் பெயர். முதலாவது பின்னால் ஏர்டெல் ஆனது. இரண்டாவது ஏர்செல் ஆகி, 2018-ல் காணாமலே போனது. நோக்கியாவில் மெனுவையும் நட்சத்திரத்தையும் அமுக்கிப் பூட்டினோமே, அது ரகசியம் காக்க அல்ல. பாக்கெட்டில் கிடக்கும் போன் தானாக யாருக்காவது கால் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. 'என்னுடையது' என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் ரிங்டோனையும் மேல்சட்டையையும் மாற்றிக்கொண்டார்கள்.

2007-ல் ஐபோன் வந்தது. விரலால் தள்ளினால் திறந்தது. அடுத்த வருஷமே ஆண்ட்ராய்டில் ஒன்பது புள்ளிகளை இணைத்துக் கோடு போட வைத்தார்கள். புள்ளியும் கோடும் நமக்குப் புதுசா என்ன? மாட வீதிகளில் வாசலுக்கு வாசல் இருந்ததுதான். 2013-ல் ஐபோன் 5எஸ் விரல் ரேகையைக் கேட்டது. இதற்குள் போனுக்குள் பாங்க் கணக்கு, போட்டோ, கடிதம் எல்லாம் குடியேறிவிட்டன. கதவு கெட்டியானது நியாயம்தான்.

கதவுக்கு வெளியே ஒரு இடம் இருக்கிறதே, அங்கேதான் தகராறு. பழைய மயிலாப்பூர் வீட்டின் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வர அனுமதி இல்லாதவரும் அங்கே உட்காரலாம். ஆனால் யார் உட்காரலாம், எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பது வீட்டுக்காரர் முடிவு. பூட்டிய போனின் திரை அப்படிப்பட்ட திண்ணை. மணி, தேதி, வந்த சேதி எல்லாம் பூட்டைத் திறக்காமலே தெரிகிற இடம். பையிலிருந்து போனை எடுக்கும்போதெல்லாம் கண் முதலில் விழுவது அங்கேதான்.

வியாபாரிகள் அதை விடுவார்களா? 2018-ல் பெங்களூரின் இன்மொபி நிறுவனம் 'கிளான்ஸ்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பல ஆண்ட்ராய்டு போன்களில் வாங்கும்போதே உள்ளே இருந்தது. பூட்டிய திரையில் படம், செய்தி, விளம்பரம் என்று காட்டியது. வருஷப் பிறப்புக்குத் தி.நகர் கடையில் தருகிற தினசரி காலண்டர் மாதிரி என்று சமாதானம் சொல்லலாம். படமும் கடைப் பெயரும் அவர்கள் இஷ்டம்தான். ஆனால் மாட்டுவதா, பரணில் போடுவதா என்பது நம் இஷ்டம். இங்கே அவர்களே ஆணி அடித்து மாட்டிவிட்டார்கள். கழற்ற வேண்டுமானால் செட்டிங்ஸுக்குள் போய்த் தேட வேண்டும்.

எதிர்த் திசையிலும் வேலை நடந்தது. 2022 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 16, கடிகார எழுத்தின் வடிவத்தையும் நிறத்தையும் நம்மிடம் விட்டது. வானிலை, பேட்டரி போன்ற குட்டிப் பெட்டிகளையும் வைக்கவிட்டது. 2023-ல் ஆண்ட்ராய்டு 14 அதே பாதையில் வந்தது. இதெல்லாம் அலங்காரம். இதைவிட முக்கியமான இரண்டு உரிமைகள் முன்பே வந்துவிட்டன, நம்மில் பலர் தொட்டுப் பார்த்ததில்லை.

ஒன்று, மறைப்பது. ஆண்ட்ராய்டில் 2014 முதல், சேதி வந்திருக்கிறது என்று மட்டும் காட்டி, என்ன சேதி என்பதை மறைத்துவைக்கலாம். ஓடிபி நம்பரைப் பக்கத்து சீட்காரர் படிக்க வேண்டாமே!

இரண்டாவது, காட்டுவது. 2005-ல் இங்கிலாந்தில் பாப் ப்ராட்சி என்ற ஆம்புலன்ஸ்காரர் ஒரு யோசனை சொன்னார். ஆபத்தில் யாரைக் கூப்பிட வேண்டுமோ அவர் நம்பரை 'ஐ.சி.ஈ.' என்ற பெயரில் போனில் போட்டுவையுங்கள் என்றார். அந்த ஜூலையில் லண்டன் ரயில்களிலும் பஸ்ஸிலும் குண்டு வெடித்த பிறகு யோசனை உலகம் சுற்றியது. ஆனால் கதவு கெட்டியாக ஆக, உதவிக்கு வந்தவரும் வெளியே நின்றார். மயங்கிக் கிடப்பவரிடம் ரகசிய எண்ணைக் கேட்க முடியுமா? அதனால் 2014-ல் ஐபோனிலும் 2016-ல் ஆண்ட்ராய்டிலும், பூட்டைத் திறக்காமலே ரத்த வகை, மருந்து ஒவ்வாமை, வீட்டு நம்பர் பார்க்க வழி வைத்தார்கள். நாம் எழுதி வைத்தால்தான் அங்கே இருக்கும். காலியாக விட்டால் காலிதான்.

இன்றைக்கு ராத்திரி ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். முதலில் வீட்டுப் பெரியவரின் போனை வாங்கி, இந்த விவரங்களை நிரப்பிக் கொடுங்கள். அடையாறு சிக்னலில் அவர் தலை சுற்றி உட்கார்ந்தால், 108-ல் வருகிறவருக்கு அவருடைய மாத்திரை எது, மகளின் நம்பர் எது என்று தெரிய வேண்டும். வால்பேப்பரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.