முகப்பிசையும் மறைந்து நின்ற பெயர்களும்

திருவிழாக் காலத்திலே சுவாமி வீதிக்கு எழுந்தருளுமுன் நாதஸ்வரத்தில் மல்லாரி ஒலிக்கின்றது. அதனைக் கேட்ட மாத்திரத்தே, வீட்டினுள் இருப்போரும் சுவாமி புறப்பட்டுவிட்டார் என்பதை உணர்ந்து வாயிலுக்கு வருகின்றனர். சொல் ஒன்றும் இல்லாமலே செய்தி சொல்லும் ஆற்றல் இசைக்கு உண்டு. இவ்வாற்றலைக் கடந்த நூற்றாண்டிலே வளர்ந்த தொலைக்காட்சியும் நன்கு பயன்படுத்திக்கொண்டது. ஒரு நிகழ்ச்சி தொடங்கும்போது அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஒலிக்கும் இசையை நாம் இங்கே முகப்பிசை என அழைப்போம். அடுக்களையில் நிற்பவரையும் முற்றத்தில் நிற்பவரையும் பெட்டியின் முன் கொணர்ந்து இருத்துவதே அதன் தொழில். கதையை மறந்தோரும் அதன் முகப்பிசையை மறப்பதில்லை. ஆயினும், அவ்விசையை ஆக்கியவர் யாவர் என வினவினால் விடைகூற வல்லார் மிகச் சிலரே. அவ்வாறு மறைந்து நின்ற பெயர்கள் சிலவற்றை எம் இளைஞர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது நாட்டிலே தொலைக்காட்சி 1979 ஆம் ஆண்டிலேதான் தொடங்கியது. மேல்நாடுகளிலோ அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே அது வீடுகளிற் புகுந்துவிட்டது. அத்தொடக்க காலத்தில் முகப்பிசைக்கென்று புதிதாக இசை ஆக்குவோர் குறைவு. பழைய இசையை எடுத்தாளுவதே எளிதாயிருந்தது. அமெரிக்காவில் 1933 இல் வானொலியிலும், 1949 முதல் தொலைக்காட்சியிலும் நடைபெற்ற 'லோன் றேஞ்சர்' என்னும் குதிரைவீரன் கதைக்கு, இத்தாலிய இசைமேதை றொசீனி 1829 இல் ஆக்கிய 'வில்லியம் டெல்' என்னும் இசை நாடகத்தின் தொடக்கப் பகுதி முகப்பிசையாயிற்று. 1955 இல் தொடங்கிய ஹிச்கொக்கின் மர்மக் கதைகளுக்குப் பிரெஞ்சு நாட்டுக் கூனோ 1872 இல் ஆக்கிய, பொம்மை ஒன்றின் மரண ஊர்வல இசை பயன்பட்டது. இறந்து நெடுங்காலமான ஆசிரியர்களுக்கு உரிமைப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. இசையும் சிறந்தது, செலவும் குறைந்தது.

புதிய இசை வேண்டும் என்ற நிலை வந்தபோது, அது யாருக்கு உரியது என்ற வழக்கும் உடன் வந்தது. 1951 இல் தொலைக்காட்சிக்கு வந்த 'ட்றாக்னெற்' என்னும் பொலிஸ் கதையின் முகப்பில் முழங்கும் நான்கு சுரங்கள் உலகப் பிரசித்தி பெற்றவை. அவற்றை வோல்ற்றர் ஷூமன் என்பவர் அமைத்தார். ஆனால், 1946 இல் வெளிவந்த 'கில்லேர்ஸ்' என்னும் திரைப்படத்திற்கு மிக்லோஸ் றோஷா ஆக்கிய இசையில் அச்சுரங்கள் முன்னரே இருந்தன என்று பிணக்கு எழுந்தது. ஈற்றில் இருவர் பெயரையும் சேர்த்து வழங்குவதென இணக்கம் ஏற்பட்டது. 1959 இல் தொடங்கிய 'ற்றுவிலைற் ஸோன்' தொடரின் கதையோ வேறு. அதன் முதலாண்டு முகப்பிசையைப் புகழ்பெற்ற பேர்னாட் ஹெர்மன் ஆக்கினார். இன்று எல்லோரும் அறிந்த மற்றைய இசை அடுத்த ஆண்டில் வந்தது. அது றுமேனியாவிற் பிறந்து பிரான்சில் வாழ்ந்த மாறியஸ் கொன்ஸ்ரன்ற் என்பவர், இன்ன நிகழ்ச்சிக்கு என்று குறியாமல், நிறுவனத்தின் இசைச் சேமிப்புக்கு எழுதிக் கொடுத்த இரண்டு சிறு துண்டுகளை ஒட்டி ஆக்கப்பட்டது. திரையில் அவர் பெயர் காட்டப்படவில்லை.

இவை யாவற்றிலும் மேலாக நாம் அறியத்தக்க வரலாறு பிரித்தானியாவில் நிகழ்ந்தது.

டீலியா டார்பிஷயர் என்னும் பெண்மணி 1937 ஆம் ஆண்டு கொவென்றி நகரிலே பிறந்தார். 1940 நவம்பர் 14 ஆந் திகதி இரவு, ஜேர்மன் விமானங்கள் அந்நகரின் நடுப்பகுதியைக் குண்டு வீசி அழித்தன. அப்போது டீலியாவுக்கு வயது மூன்று. வான்தாக்குதலை அறிவிக்கும் சைரன் ஒலியும், ஆபத்து நீங்கியது என்று அறிவிக்கும் ஒலியும் தம் உள்ளத்திற் பதிந்து, பின்னாளில் தாம் விரும்பிய இசைக்கு வித்தாயின என்று அவரே கூறியுள்ளார். போர்க்காலத்துக் குழந்தையின் செவி எவற்றைக் கேட்டு வளர்கின்றது என்பதை இந்நாட்டவர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அவர் கேம்பிறிட்ஜில் கணிதமும் இசையும் கற்றார். பட்டம் பெற்றபின் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை அமர்த்துவதில்லை என்பதே கிடைத்த விடை. 1960 இல் பி.பி.சி. யிற் சேர்ந்து, 1962 இல் அதன் 'றேடியோபொனிக் வேர்க்ஷொப்' என்னும் ஒலிப்பட்டறையை அடைந்தார். டஃப்னி ஓறம் அம்மையாரும் டெஸ்மண்ட் பிறிஸ்கோ என்பவரும் முன்னின்று 1958 இல் தொடக்கிய பட்டறை அது.

1963 இல் 'டொக்டர் ஹூ' என்னும் தொடரைத் தொடங்க பி.பி.சி. முற்பட்டது. காலத்தைக் கடந்து பயணஞ் செய்யும் ஒருவரின் கதைக்கு, எவரும் கேட்டறியாத ஓசை வேண்டும் எனத் தயாரிப்பாளர் வெறிற்றி லம்பேட் அம்மையார் விரும்பினார். அவுஸ்திரேலியாவிற் பிறந்த றொன் கிறெயினர் மெட்டை எழுதினார். அவர் கொடுத்தது சிறு குறிப்பேயாகும். சுரங்களோடு 'காற்று', 'மேகம்', 'குமிழி' என்பன போன்ற சொற்களும் அதில் இருந்தன. அவற்றைக் காதாற் கேட்கச் செய்யும் பொறுப்பு டீலியாவின் கையில் விழுந்தது.

இன்று விசைப்பலகையின் ஒரு கட்டையை அழுத்தி ஆயிரம் ஓசைகளை எழுப்பும் 'சிந்தசைசர்' அந்நாளில் அப்பட்டறையில் இல்லை. ஒரு தந்தியை மீட்டி அதனை ஒலிநாடாவிற் பதிந்தார். நாடாவை விரைவாக ஓட்டினால் சுரம் ஏறும். அரைவேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி இறங்கும். இவ்வாறு ஒரே மீட்டலினின்று கீழ்ச்சுரங்கள் பலவற்றைப் பிறப்பித்தார். வானொலிப் பொறியியலாளர் சோதனைக்கு வைத்திருந்த அலையியற்றிகளால் மேல்மெட்டை எழுப்பினார். அருவி இரைவது போன்ற இரைச்சலை வடித்தெடுத்து மேகமும் காற்றும் ஆக்கினார். பின்னர் ஒவ்வொரு சுரத்தையும் பிளேட்டினால் தனித்தனி நறுக்கி, உரிய நீளத்தில் ஒட்டினார். செக்கனுக்கு 15 அங்குலம் நாடா ஓடுமாயின், அரைச் செக்கன் நீளும் சுரத்துக்கு ஏழரை அங்குலத் துண்டு வேண்டும். தாளமானது கோலால் அளந்து வெட்டப்பட்டது. கணிதமும் இசையும் ஒருவரிடத்தே கூடியிருந்ததன் பயன் இதுவன்றோ!

அதன்பின் நாடாக்களை வெவ்வேறு பொறிகளில் ஏற்றி ஒரே கணத்தில் ஓடவிட்டு, ஒன்றாகச் சேர்த்துப் பதியவேண்டும். ஒருகால் தாளம் எங்கோ பிசகியது. எங்கே எனத் தெரியவில்லை. டீலியாவும் அவருடைய உதவியாளர் டிக் மில்ஸும் நாடாக்களை நீண்ட நடைவழியிலே அருகருகே விரித்து, ஒட்டுக்களை ஒவ்வொன்றாக ஒப்புநோக்கிச் சென்று, பிழைபட்ட சுரத்தைக் கண்ணாற் கண்டுபிடித்தனர். இத்துணை உழைப்பும் இரண்டரை நிமிடத்துக்கும் குறைந்த இசைக்காக!

முடிந்த இசையைக் கேட்ட கிறெயினர் வியந்து, இதையா நான் எழுதினேன் எனக் கேட்டாராம். பெரும்பகுதி நீங்கள் எழுதியதே என டீலியா மறுமொழி கூறினாராம். கிறெயினர் பெருந்தன்மை உடையவர். டீலியாவின் பெயரும் தம் பெயரோடு இடம்பெற வேண்டும், உரிமைப் பணத்திற் பாதி அவருக்குச் சேரவேண்டும் என முயன்றார். பட்டறையில் உள்ளோர் தனிப்பெயர் பெறுவதில்லை என்பது நிறுவன வழக்கமாதலால் அது நடைபெறவில்லை. 1963 நவம்பர் 23 ஆந் திகதி அவ்விசை முதன்முதல் ஒலித்தது. கிறெயினரின் பெயரும் பட்டறையின் பெயருமே அதனோடு வழங்கின.

இதனோடு ஒப்பிடத்தக்கது அமெரிக்காவில் 1966 இல் தொடங்கிய 'ஸ்டார் ட்றெக்' தொடரின் செய்தி. அதன் முகப்பிசையை அலெக்சாண்டர் கறேஜ் ஆக்கினார். தொடரைப் படைத்த ஜீன் றொடன்பெறி அம்மெட்டுக்குப் பாட்டு ஒன்று எழுதினார். அப்பாட்டு நிகழ்ச்சியில் ஒருபோதும் பாடப்படவில்லை. ஆயினும் பாடலாசிரியர் என்ற உரிமையால், உரிமைப் பணத்திற் பாதி அவருக்குச் சென்றது. ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருந்தது. பாடப்படாத பாட்டை எழுதியவர் பாதி பெற்றார். ஒலித்த ஒவ்வொரு சுரத்தையும் தம் கையால் உண்டாக்கியவர் சம்பளத்தோடு நின்றார். சட்டம் இரண்டிடத்தும் மீறப்படவில்லை என்பதே இதிலுள்ள வேதனை.

நிறுவனத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு என்பார் உளர். பட்டறை என்பது பலர் கூடி உழைக்கும் இடம். கருவிகளும் கூடமும் சம்பளமும் பொதுப் பணத்தால் ஆனவை. ஒருவர் பெயரைக் கூறின் மற்றையோர் மனங்குன்றுவர் என்பது அவர் கூற்று. இது முற்றிலும் தள்ளத்தக்கதன்று. ஆனால், பணத்தைப் பகிர்வது வேறு, பெயரைக் கூறுவது வேறு. ஒருவர் பெயரைக் கூறுவதற்குச் செலவு ஏதும் இல்லை. பலர் உழைத்தாராயின் பலர் பெயரையும் கூறலாமே. மறைத்ததனால் ஒருவருக்கும் நன்மை விளைந்ததாக நாம் காணவில்லை.

டீலியா 1973 இல் பி.பி.சி. யை விட்டு விலகினார். அவர் ஆக்கிய வடிவம் 1980 வரை முகப்பில் ஒலித்தது. பின்னர் வந்தோர் அமைத்த வடிவங்களும் அதே மெட்டைத் தழுவியவையே. அவர் 2001 ஆம் ஆண்டு காலமானார். அவர் வீட்டுப் பரணில் 267 ஒலிநாடாக்கள் இருந்தன. அவை பின்னர் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புக்கு வந்தன. தொடரின் ஐம்பதாவது ஆண்டு நிறைவையொட்டி 2013 இல் ஒளிபரப்பான சிறப்பு நிகழ்ச்சியிலேதான், முகப்பிசை தொடர்பாக டீலியாவின் பெயர் முதன்முறையாகத் திரையிற் காட்டப்பட்டது. அதனைக் காண அவர் இருக்கவில்லை.

இளைஞர்காள்! இச்செய்தி கடல்கடந்த நாட்டினது என்று ஒதுக்கிவிடாதீர்கள். எம் சங்கங்களிலும் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றோம், நாடகம் ஆடுகின்றோம், இசைநிகழ்ச்சி வைக்கின்றோம். அழைப்பிதழிலே தலைவர் பெயரும், பிரதம விருந்தினர் பெயரும், பிரதான வேடம் பூண்டவர் பெயரும் பெரிய எழுத்தில் நிற்கின்றன. திரைக்குப் பின்னிருந்து ஆர்மோனியம் வாசித்தவர், ஒலிபெருக்கியைக் காத்து நின்றவர், இடியோசைக்குத் தகரத்தை அசைத்தவர், இரவிரவாகக் காட்சித் திரைக்கு வர்ணம் தீட்டிய சகோதரி ஆகியோரின் பெயர்களைத் தேடினால், 'மற்றும் உதவியோர்' என்ற இரண்டு சொற்களுள் அவை அடங்கிவிடுகின்றன. வரும் விழாவில் அச்சொற்களை நீக்கி, அவ்விடத்தில் அவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் அச்சிடுவோமாக. கூடுதலாக ஒரு பக்கம் வேண்டியிருக்கலாம். அப்பக்கத்துக்கான கடதாசிச் செலவைத் தாங்க எம் சங்கங்களால் இயலும்.