விலைக்கு வந்த கண்

1969 என்றதும் நிலவில் மனிதன் கால்பதித்த காட்சியே நினைவுக்கு வருகிறது. அந்த நிலவொளியில் மங்கிப்போன வேறு இரண்டு நிகழ்வுகள் அதே ஆண்டில் கனடாவில் நடந்தன.

முதலாவது, ஒரு கப்பலின் பயணம். அலாஸ்காவில் கண்டெடுக்கப்பட்ட எண்ணெயைக் கடல்வழியே கொண்டுவர முடியுமா என்று சோதிப்பதற்காக, 'மன்ஹாட்டன்' என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல் பனி உறைந்த வடமேற்குக் கடல்வழியில் புகுந்து சென்றது. அந்த நீர்ப்பரப்பு தன்னுடையது என்பது கனடாவின் நிலைப்பாடு. அது எல்லா நாடுகளுக்கும் பொதுவான நீரிணை என்பது அமெரிக்காவின் வாதம். தன் இறையாண்மையை உணர்த்த, கனடா தன் பனியுடைப்புக் கப்பல் ஒன்றையும் துணைக்கு அனுப்பியது. பயணம் முடிந்தபின் ஒரு கேள்வி எஞ்சியது. ஆண்டில் பல மாதங்கள் இருளிலும் பனிமூட்டத்திலும் மூடிக்கிடக்கும் ஒரு கடலை, கண்காணிக்கக்கூட இயலாத நாடு எப்படித் தனதென்று சொல்லிக்கொள்ளும்?

இரண்டாவது நிகழ்வை அன்று எவரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த ஜான் மெக்டொனால்டும், வெர்ன் டெட்வைலர் என்ற பொறியாளரும் சேர்ந்து வான்கூவரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இடம், மெக்டொனால்டு வீட்டின் நிலவறை. உயர்தொழில்நுட்ப வேலைக்காக ஊரைவிட்டுப் போகவேண்டியதில்லை, அந்த வேலையை இங்கேயே உருவாக்கிக்கொள்ளலாம் என்பதே அவர்கள் நோக்கம். 'மெக்டொனால்டு, டெட்வைலர் அண்ட் அசோசியேட்ஸ்' என்ற அந்நிறுவனமே பின்னாளில் எம்டிஏ என்று உலகறியும் பெயரைப் பெற்றது.

இவ்விரு நிகழ்வுகளும் மெல்ல ஒன்றையொன்று நெருங்கிய கதைதான் எம்டிஏவின் வரலாறு.

நிறுவனத்தின் தொடக்க காலப் பணிகளுள் முதன்மையானது, செயற்கைக்கோள்கள் அனுப்பும் தரவுகளைப் பெற்றுப் படமாக்கும் தரைநிலையங்களை அமைப்பது. அந்த அனுபவம் 1978இல் பெரும்பயன் தந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்கா 'சீசாட்' என்ற கடலாய்வுச் செயற்கைக்கோளை ஏவியது. அதிலிருந்த ரேடார் ஒளியை நம்பியதன்று. தானே நுண்ணலைகளை அனுப்பி, அவற்றின் எதிரொலியை வாங்கிக்கொள்வது. எனவே மேகமும் இருளும் அதற்குத் தடையல்ல. ஆனால் அந்த எதிரொலிகளை அப்படியே பார்த்தால் ஒன்றும் விளங்காது. செயற்கைக்கோள் நகர்ந்துசெல்லும் பாதையில் பெற்ற ஆயிரக்கணக்கான எதிரொலிகளைக் கணக்கிட்டு ஒன்றிணைத்தால்தான், மிக நீண்ட ஓர் அலைவாங்கி கண்டதற்கு ஈடான கூர்மையுடன் படம் பிறக்கும். அதுவரை அதை லேசர் ஒளியையும் படச்சுருளையும் கொண்டே செய்துவந்தார்கள்.

மின்கோளாறால் சீசாட் அக்டோபரிலேயே செயலிழந்தது. மறுமாதம், அது விட்டுச்சென்ற பதிவிலிருந்து எம்டிஏ பொறியாளர்கள் முழுக்கக் கணினிவழியே ஒரு படத்தை உருவாக்கினார்கள். விண்வெளி ரேடார் ஒன்றின் தரவிலிருந்து எண்ணிம முறையில் பிறந்த முதல் படம் அதுவே. வடகடலின் இருளைக் கணினியால் துளைக்கலாம் என்பது அன்று உறுதியாயிற்று.

1995 நவம்பரில் கனடா தன் முதல் ரேடார் செயற்கைக்கோளான ராடார்சாட்-1ஐ விண்ணுக்கு அனுப்பியது. அதைக் கட்டியது ஸ்பார் ஏரோஸ்பேஸ். 1981இல் கொலம்பியா விண்ணோடத்தில் முதன்முறையாகப் பறந்த 'கனடார்ம்' இயந்திரக் கையைச் செய்ததும் ஸ்பார்தான். 1999இல் ஸ்பாரின் ரோபோப் பிரிவு எம்டிஏவிடம் வந்தது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2001 முதல் இயங்கும் கனடார்ம்2 எம்டிஏவின் பெயரிலேயே அறியப்படுகிறது. கண்ணும் கையும் இவ்வாறு ஓரிடத்தில் சேர்ந்தன.

ஆனால் அந்த இடம் யாருடையது? 1995இலேயே அமெரிக்காவின் ஆர்பிட்டல் சயன்சஸ் நிறுவனம் எம்டிஏவை வாங்கியிருந்தது. அடுத்த செயற்கைக்கோளான ராடார்சாட்-2இன் உடற்பகுதியை ஆர்பிட்டலே கட்டுவதாக ஏற்பாடு. அமெரிக்க அரசின் ஏற்றுமதி அனுமதி கிட்டாததால் அப்பணி இத்தாலிய நிறுவனத்துக்குப் போயிற்று. உடைமையாளர் அமெரிக்கர் என்பதற்காக அமெரிக்காவின் கதவு திறந்துவிடவில்லை. 2001க்குள் ஆர்பிட்டல் தன் பங்குகளை விற்று வெளியேறியது.

ராடார்சாட்-2 ஒரு புதுவகை ஏற்பாட்டில் உருவானது. எதிர்காலத்தில் பெறப்போகும் படங்களுக்கான முன்பணமாகக் கனடிய அரசு சுமார் 44.5 கோடி டாலர் தந்தது. செயற்கைக்கோளின் உடைமையோ எம்டிஏவுக்கு. 2007 டிசம்பர் 14 அன்று பைக்கனூரிலிருந்து அது ஏவப்பட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2008 ஜனவரியில், செயற்கைக்கோளையும் இயந்திரக் கைகளையும் உள்ளடக்கிய தன் விண்வெளிப் பிரிவை 132.5 கோடி கனடிய டாலருக்கு அமெரிக்காவின் அலையண்ட் டெக்சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்போவதாக எம்டிஏ அறிவித்தது.

நிறுவனம் சொன்ன காரணத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. விண்வெளித் துறையின் பெருஞ்சந்தை அமெரிக்க அரசு. அதன் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் அயல்நாட்டு நிறுவனத்துக்குக் கிட்டுவதில்லை. கனடிய அரசின் தேவையோ சிறிது. வளர வேண்டுமானால் அமெரிக்கராக வேண்டும் என்ற நிலை.

எதிர்ப்பும் வலுவாக எழுந்தது. வாங்க வந்தது ஆயுத நிறுவனம். கண்ணிவெடித் தடை ஒப்பந்தம் 1997இல் கையெழுத்தானது கனடியத் தலைநகரில் என்பதை நினைத்தால் பலருடைய மனக்கசப்பு விளங்கும். எம்டிஏவிலிருந்தே பொறியாளர் ஒருவர் வேலையைத் துறந்தார். அதைவிட ஆழமான கேள்வி வடமேற்குக் கடல்வழியைப் பற்றியது. அந்நீர்ப்பரப்பைக் கனடாவுடையது என ஒப்புக்கொள்ளாத நாட்டின் நிறுவனத்திடம், அதைக் காப்பதற்கென்றே வரிப்பணத்தில் உருவான கண்ணை ஒப்படைப்பதா? நெருக்கடி நேர்ந்தால் எந்த நாட்டுச் சட்டம் அந்தக் கண்ணுக்குக் கட்டளையிடும்?

2008 மே மாதம் தொழில்துறை அமைச்சர் ஜிம் பிரெண்டிஸ் விற்பனையைத் தடுத்தார். கனடாவுக்கு நிகர நன்மை இல்லை என்பது அவர் கூறிய காரணம். அயல்நாட்டு முதலீட்டுச் சட்டம் 1985இல் வந்தபின், பண்பாட்டுத் துறைக்கு வெளியே அரசு இவ்வாறு மறுத்தது அதுவே முதன்முறை. தடையற்ற சந்தையில் நம்பிக்கை கொண்ட கன்சர்வேடிவ் கட்சியின் அரசு அது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் அழகான நாட்டுப்பற்றுக் கதையாக இருந்திருக்கும். விற்க முடியாத எம்டிஏ வாங்கத் தொடங்கியது. 2012இல் கலிபோர்னியாவின் ஸ்பேஸ் சிஸ்டம்ஸ் லோரல், 2017இல் டிஜிட்டல்குளோப். பெருத்துப்போன நிறுவனம் மாக்சார் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2019இன் முதல் நாளில் சட்டப்படி அமெரிக்க நிறுவனமாகவும் ஆகிவிட்டது. முன்வாசலில் மறுக்கப்பட்டது பின்வாசல் வழியே நடந்தேறியது. கனடாவின் ஐந்து டாலர் நோட்டில் 2013 முதல் கனடார்ம்2இன் படம் உண்டு. நாட்டின் பெருமிதமாக நோட்டில் அச்சான அந்தக் கையைச் செய்த நிறுவனம் அப்போது அயல்நாட்டின் உடைமை.

2020இல் அது திரும்பி வந்தது. கனடிய முதலீட்டாளர் குழு ஒன்று சுமார் 100 கோடி கனடிய டாலருக்கு எம்டிஏவை வாங்கியது. அதைத் திருப்பிக் கொண்டுவந்தது எந்த அரசாணையும் அன்று. மாக்சாருக்குக் கடன்சுமை அதிகம், அதைக் குறைக்க அது விற்றது, அவ்வளவே.

அரசும் இதற்கிடையில் ஒரு பாடம் கற்றிருந்தது. 2019 ஜூனில் ஏவப்பட்ட மூன்று ராடார்சாட் செயற்கைக்கோள்களையும் எம்டிஏ கட்டியது, ஆனால் உடைமை அரசிடமே இருந்தது. இது நல்ல ஏற்பாடுதான், இருந்தும் பாதி விடையே. கட்டிமுடித்த கண்ணை அரசு தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். அதை மீண்டும் கட்டத் தெரிந்த அறிவு பொறியாளர்களின் தலையில் இருக்கிறது. அவர்களுக்கு ஊரிலேயே போதிய வேலை இல்லையென்றால் எந்தச் சட்டத்தாலும் அந்த அறிவை எல்லைக்குள் நிறுத்திவைக்க இயலாது. நிலவறையில் அந்த இருவரும் தொடங்கியது இந்தச் சிக்கலுக்கான விடையைத்தான். 2008இல் அரசு விற்பனையைத் தடுத்தபோது அந்த வேலையையும் சேர்த்துத் தந்திருந்தால், மாக்சார் என்ற பெயருக்கே தேவை எழுந்திருக்காது.