தெருவுக்கு அடியில ஓடின கரண்ட்

கோவில்பட்டியில டிராம் ஓடினதே கிடையாது. ஆனா இன்னைக்குக் கதை கரிசல்காட்டு ஆளுங்களுக்கு டக்குனு புரியும். கோடையில எங்க நிலம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். ஐப்பசியில மழை இறங்கினா முதல் தண்ணி அந்த வெடிப்புக்குள்ளதான் போகும். மெட்ராஸ்ல ஒரு கம்பெனி ரோட்டுலயே அப்படி ஒரு வெடிப்பை உண்டாக்கி வச்சுது.

1895 மே 7. இந்தியாவின் முதல் மின்சார டிராம் மெட்ராஸ்ல ஓட ஆரம்பிச்சது. கல்கத்தாவுலயும் பம்பாய்லயும் அப்போ குதிரைதான் டிராமை இழுத்துச்சு. வீட்டுக்கு கரண்ட் தர ஈ.பி. மாதிரி எதுவுமே இல்லாத காலம். டிராமுக்குத் தேவையான மின்சாரத்தை டிராம் கம்பெனியேதான் தயாரிச்சாகணும்.

அதை வண்டிக்கு எப்படிக் கொண்டு போறது? தலைக்கு மேல கம்பி கட்டினா தெருவோட அழகு கெட்டுடும்னு அப்போ பல நகரங்கள்ல எதிர்ப்பு இருந்துச்சு. அதனால ஒரு மாற்று வழி: தண்டவாளத்தை ஒட்டி, ரோட்டுக்கு அடியில ஒரு குழாய்ப் பாதை. அதுக்குள்ள உறை போடாத மின்கடத்திகள். மேல ஒரு மெல்லிய நீளப் பிளவு. வண்டியோட அடியில இருந்து ஒரு கை அந்தப் பிளவு வழியா இறங்கி, மின்கடத்தியைத் தொட்டுக்கிட்டே போகும்.

பார்க்க அழகுதான். ஆனா வடகிழக்குப் பருவமழைக்கு அழகு தெரியாது. தண்ணியும் சேறும் பிளவுக்குள்ள இறங்கினா கரண்ட் கசியும், வண்டி நின்னுடும். கடைசியில மெட்ராஸ் மேல்கம்பிக்கே மாறிடுச்சு. மேல ஒரே கம்பி. வண்டிக் கூரையில இருக்கிற கழி அதைத் தொடும். கரண்ட் தண்டவாளம் வழியா திரும்பிப் போகும். 1953 ஏப்ரல்ல டிராம் நிக்கிற வரைக்கும் அந்த முறைதான்.

அப்போ அடிப்பாதை மட்டமான ஐடியாவா? இல்ல. லண்டன்ல அதே முறை 1952 வரைக்கும் ஓடுச்சு. அங்க அந்தப் பாதையில விழுற தண்ணி சாக்கடைக்குப் போக வழி செஞ்சு, சேற்றை வாரிக்கிட்டே இருந்தாங்க. அதுக்குச் செலவும் அதிகம். ஆக, கம்பி மேலயா கீழயாங்கிறதை விட, தண்ணி எங்க போகும்ங்கிறதுதான் முதல் கேள்வி.

இன்னைக்குச் சென்னையில பூமிக்கு அடியில போற கேபிளுக்கு உறை இருக்கு. அந்தப் பழைய சிக்கல் இல்ல. ஆனா அது மேல வந்து சேர்ற தெருவோர மின்பெட்டி? மழைக்காலத்துக்கு முன்னாடி உங்க தெருப் பெட்டி எவ்வளவு உயரத்துல இருக்கு, கதவு மூடியிருக்கான்னு ஒருமுறை பாருங்க. தாழ்வா இருந்தா, தொடாம, புகார் கொடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.