பயிர் மாதிரிக் களஞ்சியம்

பயிர் மாதிரிக் களஞ்சியம் என்பது, ஒரு பயிர் முளைத்து, தூர்கட்டி, பூத்து, முற்றும் வரை அதன் வளர்ச்சியை நாள்வாரியாகக் கணக்கிடும் கணினி நிரல்களும், அவற்றை ஓட்டத் தேவையான ரகம், மண், வானிலை, வயல் சோதனைக் கோப்புகளும் பலரும் எடுத்தாளும்படி ஒரே வடிவத்தில் சேர்த்து வைக்கப்பட்ட தொகுப்பாகும். நரம்பணு, செல் வேதிவினை போன்ற பிற உயிரியல் மாதிரிகளுக்கும் இத்தகைய களஞ்சியங்கள் உண்டு.  தமிழ்நாட்டில் இத்துறை கோயம்புத்தூரைச் சுற்றியே வளர்ந்தது. அந்நகரின் காந்திபுரத்துக்கு மேற்கே சில கிலோமீட்டரில் அக்கம்பக்கமாக அமைந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கரும்பு இனப்பெருக்க நிறுவனமும் இதற்கு வயல் தரவையும் ரகங்களையும் தந்த இடங்கள்.

கணினிக்கு முந்தைய தொகுப்புகள்

1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906-இல் கோவைக்கு வந்து கல்லூரியாயிற்று, 1971-இல் பல்கலைக்கழகமாயிற்று. கல்லூரி வந்த சில ஆண்டுகளில், 1909-இல், இங்கே நிரந்தர உரச் சோதனை வயல் ஒன்று போடப்பட்டது. ஒரே பாத்திக்கு ஆண்டுதோறும் ஒரே உரம், பக்கத்துப் பாத்திக்கு வேறு, இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை என்று வகுத்து, விளைச்சலையும் மண்ணையும் பதிவு செய்துகொண்டே வருவது இதன் முறை. முதல் வயல் மானாவாரி. 1925-இல் பாசன வயல் ஒன்றும் சேர்ந்தது. 1843-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் தொடங்கிய பிராட்பால்க் வயலின் வழிவந்தது இது. மண்ணின் கரிமம் பத்தாண்டுக் கணக்கில் எப்படிக் கூடுகிறது, கரைகிறது என்று சொல்லும் மாதிரிகளைச் சரிபார்க்க இத்தகைய நெடுங்காலப் பதிவு இருந்தே ஆகவேண்டும். வெப்பமண்டலத்தில் நூறாண்டைத் தாண்டிய வயல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

1912-இல் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் பங்கு வேறு விதமானது. சி. ஏ. பார்பரும் அவருக்குப் பின் டி. எஸ். வெங்கட்ராமனும் ஆலைக்கரும்பை நாணல் போன்ற காட்டுக்கரும்போடு ஒட்டுச் சேர்த்தார்கள். 1918-இல் வெளியான கோ 205 அந்த வரிசையில் முதலாவது. அதன் பிறகு கோவையின் பெயரைத் தாங்கிய 'கோ' ரகங்கள் வட இந்தியா முழுதும் பரவின. கரும்பு கோவையில் தாராளமாகப் பூக்கும், மகரந்தமும் வளமாக இருக்கும் என்பதே நிறுவனம் இங்கே அமையக் காரணம். குளிர் கூடிய ஊர்களில் கரும்பு பூத்தாலும் விதை பிடிப்பது அரிது. ஆகவே இந்தியாவின் பிற மாநிலங்களும் தங்கள் ஒட்டுகளைக் கோவையில்தான் செய்துகொள்கின்றன. ரகங்களும் காட்டினங்களும் அடங்கிய உலகத் தொகுப்பு, நிறுவனத்தின் கண்ணூர் மையத்தில் உயிரோடு வளர்த்துக் காக்கப்படுகிறது.

என்.கோ. 376

கோவைக்கும் உலகக் கணினிக் களஞ்சியத்துக்கும் உள்ள நேரடித் தொடர்பு ஒரு கரும்பு ரகத்தின் பெயரில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கரும்பு விதை பிடிக்காததால், கோவையில் கோ 421-ஐயும் கோ 312-ஐயும் ஒட்டி எடுத்த பஞ்சு போன்ற விதைகள் அங்கே அனுப்பப்பட்டன. அந்த நாற்றுகளில் தேறியவற்றுக்கு நேட்டாலின் 'என்'னும் கோவையின் 'கோ'வும் சேர்த்துப் பெயரிட்டார்கள். என்.கோ. 310 பல நாடுகளில் பயிரானது. அதே பெற்றோருக்குப் பிறந்த என்.கோ. 376 பல பத்தாண்டுகள் தென்னாப்பிரிக்கக் கரும்புக்காடுகளை ஆண்டது. தேர்ந்தெடுத்தது நேட்டால் என்றாலும் பிறப்பால் இது கோவைக் கரும்பே.

1991-இல் அந்நாட்டின் மவுண்ட் எட்ஜ்கம் ஆய்வு நிலையத்தில் இன்மன்-பாம்பர் 'கேன்க்ரோ' என்ற கரும்பு வளர்ச்சி மாதிரியை வகுத்தபோது, அளவெடுத்துப் பார்க்கக் கையருகே இருந்த பயிர் என்.கோ. 376. இலை எத்தனை நாளுக்கு ஒன்று விரிகிறது, தூர் எப்போது உச்சத்துக்குப் போய்ப் பிறகு மடிகிறது, சர்க்கரை தண்டில் எவ்வளவு சேர்கிறது என்பன அதை வைத்தே கணிக்கப்பட்டன. கேன்க்ரோ பின்னர் 'டிசாட்' என்னும் பொதுத் தொகுப்பில் சேர்ந்தது. இன்று அதன் கரும்பு ரகக் கோப்பைத் திறப்பவர், மற்ற ரகங்களை ஒப்பிடும் அளவுகோலாக நிற்கும் என்.கோ. 376-ஐப் பார்க்கலாம்.

மாதிரிகளின் வரலாறு

பயிர் வளர்ச்சியை இயற்பியல் கணக்காகப் போடலாம் என்று காட்டியவர் நெதர்லாந்தின் வாகனிங்கனைச் சேர்ந்த சி. டி. டி விட். இலைக்கூரையில் விழும் வெயிலையும் ஒளிச்சேர்க்கையையும் இணைத்து அவர் 1965-இல் எழுதிய கணக்கு இத்துறையின் தொடக்கம். அமெரிக்காவில் ஜோ ரிச்சி குழுவினர் கோதுமைக்கும் மக்காச்சோளத்துக்கும் 'செரிஸ்' மாதிரிகளை எழுதினார்கள். வாகனிங்கன் வழி செடியின் உள் இயக்கத்தை விரித்துச் சொல்வது. செரிஸ் வழி குறைந்த தரவில் விளைச்சலைச் சொல்வது. 

நிரல்கள் பெருகியபோது புதுத் தலைவலி வந்தது. ஒருவர் தரவை இன்னொருவர் நிரல் படிக்காது. ஒருவர் மழையை அங்குலத்தில் எழுதுவார், மற்றவர் மில்லிமீட்டரில். 1982 முதல் 1993 வரை அமெரிக்க உதவியில் ஹவாய்ப் பல்கலைக்கழகம் கோரோ உவெஹரா தலைமையில் நடத்திய 'இப்ஸ்நாட்' திட்டம் இதைத் தீர்த்தது. எந்த மாதிரியை ஓட்டவும் எந்தெந்தத் தரவு இருந்தே தீரவேண்டும் என்ற 'குறைந்தபட்சத் தரவுத் தொகுதி'யை முடிவு செய்ய 1983 மார்ச்சில் பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்தது; நடந்த இடம் ஐதராபாத்தை அடுத்த படான்செருவில் உள்ள இக்ரிசாட். களஞ்சியத்தின் அடிக்கல் இந்திய மண்ணில் இடப்பட்டது என்று இதைச் சொல்லலாம். அத்திட்டத்தின் விளைவாக டிசாட் 1989-இல் வெளியானது.

கோப்புகளின் வகைப்பாடு

களஞ்சியத்தில் உள்ளவற்றை நிரல், ரகம், மண், வானிலை, சோதனை என்று ஐந்தாகப் பிரிப்பர். நிரல் எல்லா ஊருக்கும் ஒன்று. மற்ற நான்கும் ஊருக்கு ஊர் மாறுவன; உழைப்பெல்லாம் அங்கேதான்.

ரகக் கோப்பில் ஒரு ரகத்துக்கு ஒரு வரி. முதலில் குறியீடு, பிறகு பெயர், அதன்பின் வரிசையாக எண்கள். இவை மரபுக் கெழுக்கள். செரிஸ் நெல் மாதிரி நெடுங்காலம் இத்தகைய 8 கெழுக்களைக் கொண்டே ஓடியது: இளம்பருவத்துக்கு வேண்டிய வெப்பம், பகல் நீளத்துக்குக் காட்டும் உணர்வு, பூத்ததிலிருந்து முற்றும் வரை தேவையான வெப்பம், மணி எடை, தூர் கட்டும் திறன் என்பன அவற்றுள் சில. நெல்லுக்கு 9 டிகிரிக்குக் கீழ் வளர்ச்சி இல்லை என்பது மாதிரியின் கணக்கு. ஒரு நாள் உச்சம் 33 டிகிரி, தாழ்வு 23 டிகிரி என்றால் சராசரி 28. அதில் 9 போக, அந்த நாள் பயிருக்கு 19 அலகு வெப்பம் கிடைத்ததாக வரவு வைக்கப்படும். ஒரு ரகத்தின் இளம்பருவக் கெழு 500 என்றால் இதே வெயிலில் 26, 27 நாளில் அப்பருவம் முடியும். குறுவை ரகமா சம்பா ரகமா என்று உழவர் நாள் கணக்கில் சொல்வதை மாதிரி வெப்பக் கணக்கில் சொல்கிறது. பழைய ஃபோர்ட்ரான் பழக்கத்தால் எண்கள் குறித்த கட்டத்துக்குள் நிற்கவேண்டும். இடையில் ஓர் எழுத்து இடம் தள்ளிப் போனாலும் நிரல் தவறான எண்ணைப் படித்துவிடும், சில சமயம் சத்தமே இல்லாமல். முதுநிலை மாணவர்களின் இரவுகளைத் தின்றது பெரும்பாலும் இதுவே.

கெழுக்களைக் கண்டுபிடிக்கப் பயிரை வயலில் வளர்த்து, பூத்த நாள், முற்றிய நாள், உலர்எடை, விளைச்சல் ஆகியவற்றை எடுத்து, மாதிரியின் விடை அவற்றோடு ஒத்துவரும் வரை எண்களைத் திருத்துவார்கள். பிறகு வேறொரு பருவத்துத் தரவில் சோதிப்பார்கள். ஒரே ரகத்துக்கு இரண்டு ஆய்வுகள் இரண்டு விதமான எண் தருவது உண்டு. நீரும் தழைச்சத்தும் குறையாத வயலில் எடுத்ததே ஏற்கத்தக்கது.

மண் கோப்பு அடுக்கு அடுக்காக எழுதப்படும். ஒவ்வோர் அடுக்கிலும் பயிர் வாடும் ஈர அளவு, வடிந்த பின் மண் பிடித்து வைக்கும் ஈரம், கரிமம், அடர்த்தி இவை வேண்டும். கோவை வட்டார மண் வரிசைகள் ஊர்ப் பெயர்களாலேயே அறியப்படுகின்றன: இருகூர், பீளமேடு, பாலத்துறை, நொய்யல். இருகூர் செம்மண், பீளமேடு கரிசல். ஒரே மழை பெய்தாலும் கரிசல் பிடித்து வைக்கும் ஈரம் வேறு, செம்மண் விட்டுவிடும் ஈரம் வேறு. மேட்டாங்காட்டுச் சோளம் எந்த வாரத்தில் வாடும் என்பதை நிர்ணயிப்பதில் இந்தக் கோப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

வானிலைக் கோப்புக்கு நாள்தோறும் உச்ச, தாழ் வெப்பநிலை, மழை, சூரியக் கதிர்வீச்சு நான்கும் தேவை. கடைசியானதை நேராக அளக்கும் கருவி எல்லா நிலையங்களிலும் இராது. வெயில் அடித்த மணிநேரத்திலிருந்து கணக்கிட்டுக் கொள்வார்கள். பல்கலைக்கழக வயல் 11 டிகிரி வட அட்சத்தில், கடல்மட்டத்துக்கு 427 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றேகால் மணிநேரமே. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று தென்மேற்குப் பருவத்தில் ஈரத்தை உலர்த்துவதால், நீராவிப்புக் கணக்கில் காற்றையும் சேர்க்கும் சூத்திரமே இங்கு ஏற்றது.

தமிழ்நாட்டுப் பங்களிப்பு

1984-இல் தொடங்கிய 'சார்ப்' திட்டம், பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் வாகனிங்கனையும் ஆசிய நெல் ஆய்வாளர்களோடு இணைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதில் ஒரு பங்காளி. மாதிரி எழுதும் பயிற்சியைப் பெற்றுவந்த குழுவினர், நெல் ரகங்களை வயலில் இறக்குமுன் கணினியில் முன்சோதனை செய்யமுடியுமா என்று ஆராய்ந்து, வாகனிங்கனைச் சேர்ந்த பென்னிங் டி வ்ரீஸுடன் சேர்ந்து 1993-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இத்திட்டத்திலிருந்து கிளைத்த 'ஒரைசா' மாதிரியின் முதல் வடிவம் 1994-இலும் 'ஒரைசா 2000' 2001-இலும் வந்தன. தில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பி. கே. அகர்வால் குழுவினர் உருவாக்கிய 'இன்ஃபோகிராப்' இந்தியப் படைப்பு.

அதன் பிறகு கோவையில் டிசாட்டைக் கொண்டு நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் ஏராளமான ஆய்வேடுகள் எழுதப்பட்டன. தமிழ்நாட்டு ரகங்களுக்குக் கணக்கிட்ட கெழுக்கள் பெரும்பாலும் அந்த ஆய்வேடுகளின் அட்டவணைகளிலேயே தங்கிவிட்டன. அடுத்து வரும் மாணவர் அதே ரகத்தை மறுபடி விதைத்து, மறுபடி அறுத்து, மறுபடி திருத்துகிறார். அச்சில் உள்ள அட்டவணை கெழுவைத் தருமே தவிர, அதற்குப் பின்னால் நின்ற வயல் தரவையும் வானிலைக் கோப்பையும் தராது. களஞ்சியத்தில் சேர்வதற்கும் கட்டுரையாவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

பிற உயிரியல் களஞ்சியங்கள்

நரம்பணு மாதிரிகளுக்கான 'மாடல்டிபி' அமெரிக்காவின் யேலில் 1996-இல் தொடங்கியது. செல்லுக்குள் சைகைகள் கடத்தப்படும் வேதிவினைகளுக்காகப் பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உபீந்தர் பல்லா குழுவினர் ஒரு தரவுத்தளம் அமைத்து 2003-இல் அறிவித்தனர். இந்தியாவில் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது இதுவே. ஐரோப்பாவின் 'பயோமாடல்ஸ்' 2005-இல் வந்தது. இதன் காப்பாளர்கள் அச்சான மாதிரிகளைத் தாங்களே ஓட்டிப் பார்த்த பிறகே சரிபார்த்ததாக முத்திரையிடுவார்கள். அவர்கள் 455 மாதிரிகளைச் சோதித்து 2021-இல் வெளியிட்ட முடிவுப்படி, கட்டுரையில் சொன்ன விடை ஏறத்தாழப் பாதி மாதிரிகளில் அப்படியே வரவில்லை. எண் விடுபட்டது, குறி மாறியது, சமன்பாடே அச்சில் பிழையானது என்று காரணங்கள் பல. பயிர் மாதிரிகளுக்கு இவ்வளவு பெரிய தணிக்கை இன்னும் நடந்ததில்லை.

இன்றைய நிலை

ஒரு காலத்தில் விலைகொடுத்து வாங்கவேண்டியிருந்த டிசாட் இன்று இலவசம். 40-க்கும் மேற்பட்ட பயிர்களுக்கான அதன் மூலநிரல் கிட்ஹப்பில் திறந்து வைக்கப்பட்டுள்ளது. 2010-இல் தொடங்கிய 'ஆக்மிப்' பல மாதிரிகளை ஒரே தரவில் ஓட்டி ஒப்பிடுகிறது. தமிழ்நாட்டில் ரேடார் செயற்கைக்கோள் படங்களோடு ஒரைசாவை இணைத்து நெல் பரப்பும் விளைச்சலும் கணக்கிடும் 'ரைஸ்' திட்டத்தை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பங்காளியாக நின்று நடத்தியது. 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பை மதிப்பிட இம்முறை கைகொடுத்தது.