பேரும் தாளும்: தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களின் கதை

‘வேலை செய்துகொண்டே டிகிரி படிக்கலாம்’ என்ற பேச்சு இப்போது நம்ம பக்கத்திலும் அதிகம். ஏ.எல். எழுதியும் கெம்பஸ் கிடைக்காதவர்கள், ஓ.எல்.லோடு கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர்கள், குருவிட்ட பக்கத்து ஆடைத் தொழிற்சாலைகளில் நிற்பவர்கள் என்று பலர் சனி, ஞாயிறு வகுப்புகளைத் தேடுகிறார்கள். அதில் அடிக்கடி காதில் விழும் பாடம் புரொஜெக்ட் மனேஜ்மென்ட், அதாவது செயற்றிட்ட முகாமைத்துவம். வேலை செய்துகொண்டே படிப்பதற்கென்று இங்கிலாந்தில் தொழிற்பயிலுநர் பட்டம் என்று ஒரு வழி 2015இல் தொடங்கப்பட்டது. அங்கே பயிலுநர் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்வார். படிப்புச் செலவை நிறுவனமும் அரசாங்கமும் ஏற்கும். வேலை நேரத்திலேயே படிப்புக்கென ஒரு பங்கு ஒதுக்கப்படும். கடைசியில் கையில் டிகிரி. 2017 ஏப்ரலில் இருந்து பெரிய நிறுவனங்கள் இதற்காகத் தங்கள் சம்பளச் செலவில் 0.5 வீதத்தை வரியாகக் கட்டுகின்றன.

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் வேலையும் படிப்பும் ஒன்றாகப் போவது தோட்டத்துக்குப் புதுசா? புதுசு இல்லை. நூறு வருசத்துக்கு மேலாக இங்கே ஒருவர் வேலை பார்த்துக்கொண்டே படித்திருக்கிறார், இன்னொருவர் படிக்காமலே வேலை கற்றிருக்கிறார். அந்த வரலாற்றைப் பார்க்க நாங்கள் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டோம். படிக்கும் நேரத்துக்குச் சம்பளம் யார் கொடுத்தார்? படிப்புக்குக் காசு யார் கட்டினார்? கற்றதற்கான தாள், அதாவது சான்றிதழ், யாருக்குக் கிடைத்தது?

‘அப்ரென்டிஸ்’ என்ற சொல்லின் இரண்டு முகம்

முதலில் இந்தச் சொல்லையே கொஞ்சம் பார்ப்போம். இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தொழிலைச் செய்ய ஏழு வருடம் பயிலுநராக இருக்க வேண்டும் என்றது. பயிலுநர் உழைக்க வேண்டும், எஜமான் தொழிலைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் கடமை இருந்தது.

அதே சொல்லை 1834இல் கரீபியன் தீவுகளில் வேறு மாதிரிப் பாவித்தார்கள். அடிமை முறை ஒழிக்கப்பட்டது என்று அறிவித்த பிரித்தானியா, விடுதலையானவர்களை ‘அப்ரென்டிஸ்’ என்று பெயர் மாற்றி, வாரத்தின் பெரும்பகுதி சம்பளமில்லாமல் அதே முதலாளிகளுக்கு வேலை செய்ய வைத்தது. ஒன்னும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்களுக்குக் கரும்புத் தோட்ட வேலை ஏற்கெனவே தெரியும். எதிர்ப்புக் கிளம்பி 1838இல் அதுவும் முடிந்தது. முடிந்த இடத்துக்குத்தான் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள். ஆக, பயிலுநர் என்ற பெயரில் தொழிலும் கிடைக்கலாம், மலிவான உழைப்பும் பிடுங்கப்படலாம். பெயரை மட்டும் பார்த்து நம்ப முடியாது.

காசு கட்டிப் படித்த சின்னதுரை

இலங்கைத் தோட்டங்களில் பயிலுநருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: ‘கிரீப்பர்’. தோட்டத்துரை ஆக விரும்பிய இளைஞன் பெரியதுரையின் கீழே சேர்ந்து, பங்களாவில் தங்கி, மலையில் ஏறி இறங்கித் தொழில் பழகுவான். பழைய காலத்தில் இதற்காக அவனுடைய குடும்பம் பெரியதுரைக்குக் காசும் கட்டியது. பழகி முடிந்ததும் சின்னதுரை, பிறகு பெரியதுரை. காசு குடும்பத்துடையது என்றாலும் பதவிக்கான பாதை திறந்திருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரரின் இடத்துக்குப் பெரிய பள்ளிக்கூடங்களில் படித்த உள்நாட்டு இளைஞர்கள் வந்தார்கள். லயத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பாதை அப்போதும் திறக்கவில்லை.

துரைமார் படிக்க வேண்டிய பாடங்களில் தமிழும் ஒன்று. இதற்கென்றே கைநூல்கள் அச்சாகின. டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் எழுதிய ‘கூலித் தமிழ்’ அதில் ஒன்று. பெரட்டுக் களத்தில் பேசும் தமிழ்தான் அந்தப் பாடத்தின் பொருள். நம்ம ஆக்கள் பேசிய பேச்சு துரைமாருக்குப் பாடப்புத்தகம் ஆனது. பேசினவர்களுக்கு அந்த நூலின் தலைப்பில் ‘கூலி’ என்ற பெயர்தான் மிஞ்சியது.

லயத்துப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுப்பது தோட்டத்துரையின் பொறுப்பு என்றது. 10 வயதோடு அந்தப் பொறுப்பு முடிந்தது. அதற்குப் பிறகு மலைதான் பள்ளிக்கூடம். 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. அவை அரசாங்கத்துக்குக் கீழே வந்தது 1970களில்தான்.

மலையில் படித்த செயற்றிட்ட முகாமைத்துவம்

இப்போது பாடத்துக்கு வருவோம். செயற்றிட்ட முகாமைத்துவம் படிப்பவர்களுக்கு முதலில் வரும் பெயர்களில் ஒன்று கான்ட். 1910களில் அமெரிக்காவில் ஹென்றி கான்ட் வேலைகளையும் நாட்களையும் பட்டைகளாக வரைந்து காட்டும் அட்டவணையைப் பரப்பினார். 1957இல் டூபோன்ட் நிறுவனத்தில் முக்கியப் பாதை முறை, 1958இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் பேர்ட் முறை. எந்த வேலை முடிந்தால்தான் அடுத்தது தொடங்கலாம், எது பிந்தினால் முழுத் திட்டமும் பிந்தும் என்று கணக்குப் போடுவதுதான் இவற்றின் சாரம்.

அந்த 1910களில் நம்ம பக்கம் எப்படி இருந்தது? களனிப் பள்ளத்தாக்குச் சின்ன ரயில் 1902இல் அவிசாவளைக்கும், 1912இல் குருவிட்ட வழியாக இரத்தினபுரிக்கும் வந்தது. இறப்பரும் தேயிலையும் அந்த வழியில் கொழும்புக்கு இறங்கின. சப்ரகமுவ மலைச்சரிவுகளில் இறப்பர் பரவிய காலமும் அதுதான்.

ஒரு இறப்பர் துண்டை மீள்நடுகை செய்வதை நினைத்துப் பாருங்கள். பழைய மரம் வெட்ட வேண்டும். வேர் எடுக்க வேண்டும். சரிவுக்குத் தக்கபடி வரிசை பிடித்துக் குழி வெட்ட வேண்டும். தவறணையில் ஒட்டுக்கன்று அந்த மழைக்குள் தயாராக இருக்க வேண்டும். மண் அரிக்காமல் மூடுபயிர் போட வேண்டும். அதன் பிறகு சுமார் ஆறு ஏழு வருடம் காத்திருந்து, தண்டின் சுற்றளவு 50 சென்டிமீற்றர் அளவுக்கு வந்த பிறகே பால் வெட்டத் தொடங்கலாம். மழையில் பட்டை நனைந்திருந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. இரத்தினபுரிப் பக்கம் நாட்டில் அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று என்பதால் நாட்கணக்கும் ஆள்கணக்கும் தினமும் மாறும். கன்று பிந்தினால் ஒரு மழைக்காலமே போகும். முக்கியப் பாதை முறை என்பது வேறு என்ன?

தேயிலையிலும் அப்படித்தான். எந்த மலைக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை கொழுந்து, எந்த வருடம் கவ்வாத்து, ஸ்டோருக்கு எத்தனை மணிக்குள் இலை போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கு கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தலையிலே இருந்தது. மலையில் பழகி அந்த நிலைக்கு வந்தவர்களும் உண்டு. அவர்கள் கற்றதைப் பார்த்து ஒரு நிறுவனமும் தாள் கொடுக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது செக்ரோலில் விழும் ‘பேர்’. முழு நாள் வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். எங்கள் மூன்று கேள்வியில் முதலாவதுக்கு மட்டும்தான் அங்கே பதில் இருந்தது, அதுவும் அரைகுறையாக.

கங்காணியை நாங்கள் வீரனாக்கவில்லை. கடனை வைத்து ஆட்களைக் கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, பெரிய கங்காணி அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிதான். திட்டமிடும் திறமை ஒடுக்கவும் உதவியது. ஆனால் அது திறமை இல்லை என்று ஆகிவிடாது.

சட்டம் வந்தது, நம்ம ஆக்கள் வெளியே நின்றார்கள்

1971இல் தேசிய தொழிற்பயிலுநர் சட்டம் (49ஆம் இலக்கம்) வந்தது. இன்றைய நைட்டாவின் வேர் அதுதான். 1979இல் தேசிய தோட்ட முகாமைத்துவ நிறுவனம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. 1980இல் திறந்த பல்கலைக்கழகம். வேலையோடு படிக்க நாடு கதவுகளைத் திறந்த காலம் என்று இதைச் சொல்லலாம்.

அந்தக் காலத்தில் நம்ம வீட்டுப் பெரியவர்களின் கையில் என்ன இருந்தது? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியிருந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேரை இலங்கை ஏற்கும் என்று பங்கு பிரித்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமையாகின. ‘இந்தியாவா, இங்கேயா’ என்று தெரியாத வீட்டில் யார் மூன்று வருடப் பயிற்சிக்கு விண்ணப்பம் போடுவார்? மிச்சமிருந்த பிரச்சினை 1988, 2003 சட்டங்களோடுதான் ஓரளவு தீர்ந்தது. கதவு திறந்தபோது நாங்கள் வாசலில்கூட இருக்கவில்லை. இன்றைக்கும் தோட்டத்து மாணவர் பல்கலைக்கழகத்தில் குறைவாக இருப்பதைப் பேசும்போது இந்த முப்பது நாற்பது வருடத்தை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள்.

ஆறாயிரம் ரூபாய்ப் பயிலுநர்கள்

நமக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் ஆசிரிய உதவியாளர்கள். 2014, 2015 காலத்தில் பெருந்தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குச் சுமார் 3000 இளைஞர், யுவதிகள் இந்தப் பெயரில் எடுக்கப்பட்டார்கள். வகுப்பில் முழு ஆசிரியரின் வேலை. கூடவே ஆசிரியர் பயிற்சியையும் முடிக்க வேண்டும், முடித்தால்தான் நிரந்தரம். மாதக் கொடுப்பனவு 6000 ரூபாய். கோரிக்கைகளுக்குப் பிறகு அது 10,000 ஆனது. பெண்கள் கைக்குழந்தையோடும், ஆண்கள் வீட்டுக் கடனோடும் இதைத் தாங்கினார்கள்.

இது நல்லதா கெட்டதா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. தோட்டத்திலிருந்து ஒரே நேரத்தில் இத்தனை பேர் ஆசிரியர் ஆனது சின்ன விசயம் இல்லை என்றார் ஒருவர். அது உண்மை. ஆனால் முழு வேலையை வாங்கிக்கொண்டு ‘நீ இன்னும் படிக்கிறாய்தானே’ என்று கொடுப்பனவைக் குறைப்பது 1834இன் பழைய தந்திரத்தின் சாயல். படிக்கிறவர் என்பது சம்பளத்தை வெட்ட ஒரு காரணமாகக் கூடாது என்பதில் கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

சனி ஞாயிறு வகுப்பும் ஒரு பேரும்

இன்றைய நிலைமைக்கு அதே மூன்று கேள்வியை வைப்போம். தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய், 2024இல் அடிப்படை 1350. நாட்சம்பளக்காரர் சனிக்கிழமை வகுப்புக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. பஸ் காசு, கட்டணம் எல்லாம் அவர் தலையில். தொழிற்பயிலுநர் பட்டத்தில் நேரத்துக்கும் கட்டணத்துக்கும் நிறுவனம் பொறுப்பு. நம்ம வார இறுதி டிப்ளோமாவில் இரண்டும் பிள்ளையின் பொறுப்பு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது சரியில்லை.

அதற்காகப் படிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சேருவதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். டிகிரி என்றால் அதை வழங்க பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அல்லது கல்வி அமைச்சின் அங்கீகாரம் இருக்கிறதா? டிப்ளோமா என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா, என்.வி.கியூ. எத்தனையாம் மட்டம்? ஏழு மட்டங்களில் 5உம் 6உம் டிப்ளோமா, 7 டிகிரிக்குச் சமம். அந்த ஏணியில் மேலே ஏறத்தான் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழில்நுட்பவியல் தொழிற்பயிற்சிப் பல்கலைக்கழகம் வந்தது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு முன்கற்றலை மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் வழங்கும் வழியும் உண்டு. ஸ்டோரில் பத்து வருடம் நின்ற அண்ணன்மார் பலருக்கு இது தெரியாது. வீட்டில் சொல்லுங்கள்.

தோட்டங்களை 1992இலிருந்து நடத்தும் கம்பனிகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. வெளி உத்தியோகத்தருக்கு ஆள் தேடும்போது, அதே மலையில் வளர்ந்து ஏ.எல். முடித்த பிள்ளையைச் சம்பளத்தோடு எடுத்து, வாரத்தில் ஒரு நாளைப் படிப்புக்கு விட்டு, கட்டணத்தையும் கட்டினால் என்ன? கிரீப்பர் முறையை நூறு வருசத்துக்கு மேல் நடத்திய தொழில்துறைக்குப் பயிலுநர் முறை எப்படி என்று யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இந்தத் தடவை அந்த இடத்தில் லயத்துப் பிள்ளை நிற்க வேண்டும், அவ்வளவுதான்.